ஜெர்மனிக்குப் போகிறவளுக்குத் தமிழ் எதற்கு?

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் எருத்தேம்பதி வண்டிக்காக நின்றிருந்த ஒரு மாலையில், தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலை வெள்ளாமையும் வைத்திருக்கும் நெடுநாள் பரிச்சயமான ஒருவர் என்னருகே வந்து, சற்றுத் தயங்கி, "ஏனுங்க சார், நீங்க ஜெர்மனியில போய்ப் படிச்சவரு. ஏழாவது படிக்கிற பாப்பாவத் தமிழ் மீடியத்துல இருந்து மாத்தீரலாம்னு இருக்கறனுங்க. நாளைக்கு அவளும் ஜெர்மனிக்குப் போறாள்னே வெச்சுக்கங்க, அங்க தமிழு எதுக்காகுதுங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. படியில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதிலாகவும் அது இருக்கவில்லை.

அது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக மட்டும் இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை சித்தூர்த் தாலுகாவின் கிழக்கு விளிம்பில் வாழும் தமிழ்க் குடியானவர்களும், மலைக்கு அப்பால் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்த் தொழிலாளரும் இன்று ஏகோபித்து நம்பும் விஷயம் அது. அயல்நாட்டுப் படிப்பு என்பது ஆங்கிலத்தில் நடப்பது. ஜெர்மனியிலும் இப்போது எல்லாம் ஆங்கிலத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆகையால் தாய்மொழியில் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையின் விமானச் சீட்டிலிருந்து கழிக்கப்படும் மணி நேரம் என்று அவர்கள் மெய்யாகவே எண்ணுகிறார்கள். பாலக்காட்டிலும் தொடுபுழையிலும் மாடிக்கு மாடி தொங்கும் ஏஜென்சிப் பலகைகள் இந்த எண்ணத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகின்றன. அந்த எல்லைப்புறத்து அரசுப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புவரை தமிழிலேயே படித்து, கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் மூலம் பரிமாற்ற மாணவனாக ஜெர்மனியின் ரூர் பிரதேசத்துப் பல்கலைக்கழகமொன்றில் ஒரு குளிர்காலப் பருவம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், இந்த அபிப்பிராயம் முற்றிலும் பிசகானது என்று சொல்ல எனக்கு உரிமையும் கடமையும் இருப்பதாகக் கருதுகிறேன்.

எதிர்த்தரப்பில் மெய்யாக இருப்பதை முதலில் ஒப்புக்கொள்வதே நியாயம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிலையங்களில் ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அயல்நாட்டு மாணவரில் எண்ணிக்கையால் முதலிடம் நமக்கே. அவர்களில் மிகப் பலர் சேர்ந்திருப்பது ஆங்கிலவழி முதுகலை வகுப்புகளில். ஆங்கிலம் தெரியாமல் அந்த வகுப்புகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. பேராசிரியர்கள் ஆங்கிலம் அறிவார்கள். உடன் படிக்கும் ஜெர்மானிய இளைஞர்களும் நன்றாகவே பேசுவார்கள். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறை ஒரு நாளில் நான்கு மணி நேரம். மிச்சமுள்ள இருபது மணி நேரத்தை எந்த பாஷையில் வாழ்வது என்பதைப்பற்றி அந்தப் பலகைகள் ஒன்றும் சொல்வதில்லை.

பலகைகள் சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு. "இலவசக் கல்வி" என்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் போதனைக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. எனினும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. போதனைக் கட்டணம் இல்லாத இடத்திலும், தன் செலவில் போகும் மாணவன் முதல் ஆண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கு என்னும் வங்கிக் கணக்கில் கட்டிக் காட்டினால்தான் விசா கிடைக்கும். நம் பணத்தில் அது பத்து லட்ச ரூபாய்க்கு மேல். 2015இல் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலையில் அமர்ந்து போராடியபோது அவர்களுடைய தினக்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் அது 301 ஆயிற்று. பத்து லட்சத்தை 301ஆல் வகுத்துப் பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் உழைத்தாலும் ஒன்பது ஆண்டுக் கொழுந்து. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நேரான வழி பரிமாற்றத் திட்டமும் உதவித்தொகையும்தான்: இரு பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தத்தில் போதனைக் கட்டணம் தள்ளுபடியாகும், உதவித்தொகைக் கடிதம் இருந்தால் முடக்கக் கணக்கும் வேண்டியதில்லை. இந்த வழியைப் பலகைகள் விளம்பரப்படுத்துவதில்லை. அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.

இனி அந்த இருபது மணி நேரத்துக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் குடியேறும் எவரும் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தம் விலாசத்தைப் பதிய வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் மாணவன் அங்கே காலூன்றவே முடியாது. அந்த அலுவலகத்து முகப்பில் அமர்ந்திருந்த அம்மையார் என்னிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார். ஆனால் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. அவர் பேசக் கடமைப்பட்டவரும் அல்லர். படிவம் ஜெர்மனில், சுவரிலிருந்த அறிவிப்பு ஜெர்மனில், பின்னால் நின்றவர்களின் பொறுமையின்மையும் ஜெர்மனில். அந்த இடத்தில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி பயமாக இருந்திருக்க வேண்டும். மாறாக, விசித்திரமானதொரு பழக்க உணர்ச்சியே உண்டாயிற்று. இதே போன்ற முகப்பின் முன் நான் பத்து வயதில் நின்றிருக்கிறேன்.

என் அம்மாயிக்கு விதவைப் பென்ஷன் வாங்குவதற்காக வில்லேஜ் ஆபீசுக்கு நடந்த காலம் அது. தமிழைத் தவிர வேறு எதுவும் அறியாத அந்த மூதாட்டிக்கு வந்த கடிதம் மலையாளத்தில் இருந்தது. பள்ளியில் அப்போதுதான் மலையாள எழுத்தை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். வீட்டில் படித்தவன் நான் ஒருவனே ஆகையால், எழுத்துக்கூட்டிப் படித்து, குறிப்பிட்ட தேதியில் அவர் "ஹாஜராகணம்" என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னேன். அம்மாயி சித்திரை வெயிலில் நடந்து போய் அந்த நாளில் ஆஜரானார். உள்ளே போனபின்தான் தெரிந்தது, கடிதத்தில் இருந்த சொல் "ஹாஜராக்கணம்" என்பது. அதாவது சான்றிதழைக் கொண்டுவந்து சமர்ப்பிக்க வேண்டும் என்பது. ஒரு ஒற்றெழுத்தை நான் விழுங்கிவிட்டேன். அந்தக் கிழவி மறுபடியும் நான்கு மைல் நடந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "போகட்டும் கண்ணு, அடுத்த தடவை நிதானமாப் படி" என்று மட்டும் சொன்னார்.

அந்த நிதானத்தையே நான் ஜெர்மனிக்குக் கொண்டுபோனேன். அங்கே எல்லா வியவகாரமும் கடிதத்தின் மூலம் நடக்கிறது. கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த உறைகள் வாரந்தோறும் தபால் பெட்டியில் விழும். வங்கி, காப்பீடு, விடுதி நிர்வாகம், வீட்டுக்கு வீடு விதிக்கப்படும் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு நிபந்தனையும் இருக்கும். அதே தளத்தில் தங்கியிருந்த ஒரு நண்பர், பெருநகரமொன்றில் சிறுவயது முதல் ஆங்கிலத்திலேயே படித்தவர், அந்தக் கட்டணக் கடிதத்தை விளம்பரம் என்று எண்ணிக் குப்பைத் தொட்டியில் போட்டார்; மூன்று மாதம் கழித்து நிலுவையோடு அபராதமும் சேர்ந்து வந்தது. அவர் என்னைவிடப் புத்திசாலி என்பதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் தமக்குப் புரியாத எழுத்தில் தமக்குச் சம்பந்தமான செய்தி இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு அதுவரை வாழ்க்கையில் ஏற்பட்டதில்லை. எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு அந்த எண்ணம் ரேஷன் கார்டிலேயே தொடங்கிவிடுகிறது. வீட்டில் ஒரு மொழி, பஸ் பலகையில் இன்னொன்று, தாலுகா ஆபீசில் அதே இன்னொன்றின் கடினமான ரூபம், பாடப்புத்தகத்தில் மறுபடியும் வீட்டு மொழியின் திருத்தமான ரூபம் என்று நாலு வாசல்களில் நுழைந்து வெளிவரும் சிறுவனுக்கு ஐந்தாவது வாசல் ஒரு சுவராகத் தோன்றுவதில்லை. இதை நம்மவர்கள் குறையென்று கருதி வெட்கப்படுகிறார்களே என்பதுதான் என் மனத்தாங்கல்.

பல்கலைக்கழகத்தின் உள்ளேயும் நிலைமை வேறல்ல. பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்குவதும், விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டி ஆசிரியருக்கு வணக்கம் செலுத்துவதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு நாளில் பழகிவிடும். மதிப்பெண்ணில் ஒன்று என்பது முதன்மை, ஐந்து என்பது தோல்வி என்ற தலைகீழ்க் கணக்கும் பழகிவிடும். பழகாதது மத்தியானச் சாப்பாடு. மென்சா என்னும் மாணவர் உணவுக்கூடத்தில் எட்டுப் பேர் ஒரு மேசையில் அமர்ந்தால், முதல் ஐந்து நிமிஷம் எனக்காக எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். பிறகு யாரோ ஒருவர் ஒரு ஹாஸ்யம் சொல்வார், அது ஜெர்மனில்தான் சொல்ல முடிந்ததாக இருக்கும். அதன்பின் சம்பாஷணை திரும்பி வராது. அவர்கள் என்னை ஒதுக்கவில்லை. தம் சொந்த மொழியில் சிரிப்பது மனித இயற்கை, நாமும் அப்படித்தான். அந்த மேசையில் மேலும் ஐந்து மாதம் உட்கார்ந்திருக்க வேண்டியவன், ஒன்று அந்த மொழிக்குள் நுழைய வேண்டும், அல்லது தட்டை எடுத்துக்கொண்டு தன் நாட்டவர் மேசைக்குப் போய்விட வேண்டும். ஆங்கிலம் போதும் என்று நம்பி வந்தவர்கள் அநேகமாக இரண்டாவதைச் செய்தார்கள். பரிமாற்றம் என்ற சொல்லுக்கு அங்கே ஒரு பொருளும் மிஞ்சவில்லை.

பகுதிநேர வேலையும் அப்படியே. மாணவன் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று 2024 முதல் சட்டம் அனுமதிக்கிறது. ஜெர்மன் பேசுகிறவனுக்கு ரொட்டிக்கடையிலும் நூலகத்திலும் இடமுண்டு. பேசாதவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கிடங்கில் பெட்டி அடுக்கும் இரவு வேலை.

இப்போது நான் சொல்லப்போவதே இந்தக் கட்டுரையின் உயிர்நிலை. ஜெர்மன் மொழியைக் கற்க எனக்கு உதவியது என் ஆங்கிலம் என்றே எல்லாரும் ஊகிப்பார்கள். அவை இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். நூற்றுக்கணக்கான சொற்கள் முகச்சாயலால் உறவு தெரிவிக்கும். சொல்லளவில் அந்த உதவி மெய்யே. ஆனால் ஜெர்மன் கற்கிறவர்களை முறியடிப்பது அதன் சொற்கள் அல்ல, அதன் வேற்றுமைகள். எழுவாய் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை என்று நான்கு நிலைகளில் பெயரும் பெயருக்கு முன் நிற்கும் சுட்டும் உருமாறும். ஆங்கிலம் இந்த ஏற்பாட்டை அநேகமாகக் கைவிட்டுவிட்ட மொழி. அதில் மட்டுமே இலக்கணம் பயின்றவனுக்கு "அவனை" என்பதும் "அவனுக்கு" என்பதும் ஒரே சொல். ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று தமிழய்யாவின் முன் கைகட்டி ஒப்பித்த பிள்ளைக்கு அந்த வேறுபாடு மூச்சுவிடுவது போன்றது.

உதாரணத்துக்கு ஒரு சாதாரண வாக்கியம். நமக்குக் குளிரெடுத்தால் "எனக்குக் குளிர்கிறது" என்கிறோம், நான்காம் வேற்றுமை. ஜெர்மானியர் "மிர் இஸ்ட் கால்ட்" என்கிறார்கள். மிர் என்பது எனக்கு. ஆங்கிலத்தின் வழியே யோசித்த என் நண்பர், தாம் அறிந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, "இஷ் பின் கால்ட்" என்று சொல்லப்போக, "நான் உணர்ச்சி செத்தவன்" என்பதுபோல் ஒலித்து வகுப்பே சிரித்தது. "எனக்குப் பிடித்திருக்கிறது", "எனக்குச் சுகம்", "உங்களுக்கு உதவுகிறேன்" ஆகிய வாக்கியங்களெல்லாம் அந்த மொழியிலும் நான்காம் வேற்றுமையே கொள்கின்றன. அவற்றை அங்கே ஒரு நீண்ட பட்டியலாகத் தந்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் பாதியை நான் மனப்பாடம் செய்யவேயில்லை. வாயைத் திறந்தால் "எனக்கு" என்று வந்தது, அது சரியாக இருந்தது.

வினைமுற்றின் இடமும் இவ்வாறே. ஜெர்மனில் காரணமோ நிபந்தனையோ சொல்லும் துணை வாக்கியங்களில் வினை கடைசியில் போய் நிற்கும். எவ்வளவு நீண்ட வாக்கியமானாலும் முடிவில்தான் யார் என்ன செய்தார் என்பது வெளிப்படும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் அந்த இடைவெளியில் மூச்சுத் திணறுவதை நான் கண்டிருக்கிறேன். நமக்கோ வினைமுற்றுக்காகக் காத்திருப்பது பிறவிப் பழக்கம். சொற்களைத் தொகுத்துப் புதுச்சொல் ஆக்கும் அவர்கள் வழக்கமும் அந்நியமாகத் தோன்றவில்லை. கையுறையை அவர்கள் "கைச்செருப்பு" என்கிறார்கள். மருத்துவமனை அவர்களுக்கு "நோயாளர்வீடு". இரண்டாவதைக் கண்ட மாத்திரத்தில் ஆறாம் வேற்றுமைத்தொகை என்று உள்ளம் சொல்லிற்று. பெரியவரிடம் "ஸீ", சிநேகிதனிடம் "டூ" என்று விளிப்பதில் ஆங்கிலவழி நண்பர்கள் எத்தனையோ சங்கடப்பட்டார்கள். நீங்கள், நீ என்று வளர்ந்தவனுக்கு அதில் கற்க ஒன்றுமில்லை. எப்போது "நீ" என்று மாறலாம் என்ற நாசூக்குகூட நம் ஊர் நாசூக்கைப் போன்றதே.

எல்லாவற்றிலும் தமிழ் கைகொடுத்தது என்று சொன்னால் அது அசத்தியமாகும். பால்பாகுபாட்டில் அது என்னை அநாதையாக விட்டுவிட்டது. உயர்திணை, அஃறிணை என்று அறிவைக்கொண்டு பிரித்துப் பழகியவனுக்கு, மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், இளம்பெண்ணோ அஃறிணை போன்றதொரு பொதுப்பால் என்பது கடைசிவரை செரிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஆங்கிலமும் யாருக்கும் உதவவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மொழி அமைப்பைப்பற்றிய இந்த வாதம் வெறும் பண்டிதப் பேச்சு என்று யாரேனும் தள்ளினால், சரித்திரத்தைப் பார்க்கட்டும். 1960களில் கேரளத்திலிருந்து, பெரும்பாலும் கத்தோலிக்க சபைகளின் ஏற்பாட்டில், இளம்பெண்கள் பலர் செவிலியர் பயிற்சிக்காக மேற்கு ஜெர்மனிக்குக் கப்பலிலும் விமானத்திலும் போனார்கள். பலருக்கும் மலையாளப் பள்ளிப்படிப்பே மூலதனம். வார்டுகளில் நோயாளிகளின் படுக்கையருகே நின்று அவர்கள் ஜெர்மன் கற்றார்கள். நடுவில் ஆங்கிலம் என்ற பாலம் தேவைப்படவில்லை. கட்டப்பனையிலிருந்து வந்திருந்த என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய உறவினரான, ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் வீட்டில் நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். கப்பைக் கிழங்கும் மீன்கறியும் பரிமாறிக்கொண்டே, அடுத்த வீட்டு ஜெர்மானியக் கிழவியோடு அவர் நடத்திய வாக்குவாதத்தின் சரளத்தை நான் இன்னும் மறக்கவில்லை. 1983க்குப் பின் அகதிகளாய் வந்து சேர்ந்த ஈழத்தமிழர் கதையும் இதுவே. உணவுவிடுதிச் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த மொழியைக் கற்று, 2002இல் ஹாம் நகரில் கோபுரம் எழுப்பிக் காமாட்சி அம்பாளுக்குக் குடமுழுக்கும் செய்துவிட்டார்கள். மாணவர் பயணச்சீட்டைக் கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போயிருந்தேன். யாழ்ப்பாணத் தமிழில் பிரசாதம் கேட்ட ஒரு சிறுமி, அடுத்த கணம் தன் தம்பியை ஜெர்மனில் அதட்டினாள்; இரண்டும் அவளுக்குச் சகஜமாயிருந்தன.

இன்னும் முன்னே போகலாம். 1706இல் சீகன்பால்கு என்ற சாக்சனிய மதபோதக இளைஞர் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, இக்கடற்கரையில் எல்லா அந்நியருக்கும் பொதுவாக வழங்கியது போர்த்துகீசிய மொழியே. இன்றைய ஆங்கிலத்தின் ஸ்தானத்தில் அன்று அது இருந்தது. அதைக் கொண்டே அவர் காரியம் முடித்திருக்கலாம். அதைக் கற்கவும் தொடங்கினார். ஆனால் அதனால் துபாஷிகளைத்தான் அடையலாம், ஜனங்களை அடைய முடியாது என்று கண்டு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் அகரம் எழுதினார். பின்னர் ஐரோப்பா சென்றபோது அவர் அழைத்துப்போன மலையப்பன் என்ற தமிழ் இளைஞரின் துணை அவருக்கு வழியெல்லாம் இருந்தது. 1716இல் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கண நூல் அச்சாயிற்று. ஜெர்மனி சென்று தங்கிய முதல் தமிழ் மாணவர்களில் ஒருவராக அந்த மலையப்பனை நாம் கொள்ளலாம். அவர் எடுத்துப்போனது தமிழைத்தான். அதற்காகவே அவர் அங்கே மதிக்கப்பட்டார். மலையாளத்துக்கு 1872இல் பேரகராதி தந்த குண்டர்ட்டும், டூபிங்கனில் படித்து இந்தியா வந்ததும் முதலில் தமிழ் கற்றுத் திருநெல்வேலியில் பணிபுரிந்து, பிறகே தலச்சேரிக்குப் போய் மலையாளத்தில் ஆழ்ந்தார். ஒரு திராவிட மொழியை நன்றாகக் கற்றவனுக்கு அடுத்தது எட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது என்பது அவருடைய வாழ்க்கையிலேயே காணக்கிடைக்கிறது.

"இவ்வளவும் சரி, தமிழ் மீடியத்துப் பிள்ளை கல்லூரி முதலாண்டில் அழுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் அழுதவன். கோயம்புத்தூரில் முதல் மூன்று மாதம் கரும்பலகையில் எழுதியதன்றி, ஆசிரியர் வாயால் சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, விளங்கியவன்போலத் தலையசைத்தேன். அந்த அவமானம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் நான் தமிழில் கணிதம் கற்றதா, அல்லது ஐந்தாண்டு ஆங்கில வகுப்பில் ஒரு நாளும் ஆங்கிலத்தில் பேசக் கேளாததா? கணிதம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதன் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே தெரியவில்லை. அந்தப் பெயர்களை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். கணிதமே விளங்காமல் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்து வந்தவர்களுக்கு, கற்க வேண்டியதெல்லாம் அப்போதும் அப்படியே பாக்கியிருந்தது.

எங்கள் பகுதியில் புதிதாகத் தோன்றியிருக்கும் ஆங்கிலவழிப் பள்ளிகள் சிலவற்றில் நடப்பது இதுவே. பிள்ளைக்கு வீட்டில் தமிழ், ஆசிரியைக்கு மலையாளம், புத்தகம் ஆங்கிலம். வாய்ப்பாடாக ஒப்பிக்கும் குழந்தை புத்திசாலியாகத் தோன்றுகிறது, பெற்றோர் மகிழ்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தை தமிழில் ஒரு பக்கம் பிழையின்றி எழுதாது. மலையாளத்தில் ஒரு மனு எழுதாது. ஆங்கிலத்தில் தன் சொந்த எண்ணத்தைச் சொல்லாது. மூன்று வாசலிலும் அதை வெளியே நிறுத்திவிட்டு, நான்காவது வாசலுக்கு விமானச் சீட்டு வாங்க எண்ணுகிறோம். நல்ல ஆங்கிலம் ஒரு பாடமாக, திறமையான ஆசிரியரால், பேச்சோடு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்று நான் எந்த மேடையிலும் மன்றாடத் தயார். அதற்காகத் தாய்மொழியை விலையாகக் கேட்பதை மட்டும் ஒருபோதும் சம்மதியேன்.

வேறொரு ஆட்சேபமும் உண்டு: பரிமாற்ற மாணவன் இருக்கப்போவது ஆறே மாதம், அதற்குள் ஒரு புது மொழி எதற்கு, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா என்பது. பருவத்துக்கு முப்பது கிரெடிட், ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்ற அவர்கள் கணக்கைப் பார்த்தவர் ஊர் சுற்றுவதைப்பற்றிப் பேசமாட்டார். மொழியைப் பொறுத்தவரை, புறப்படுமுன் கோயம்புத்தூரிலுள்ள கோத்தே மையத்தில் வாரக்கடைசியில் போய் முதலிரண்டு நிலைகள் முடித்திருந்தேன். பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாக ரயிலில் ஒரு மணிப் பிரயாணம். அந்தச் சிறு முதலீடு இல்லாமல் மேலே சொன்ன எதுவும் எனக்குக் கிட்டியிராது.

தேவிகுளம் தாலுகாவின் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்து, தாய் கொழுந்து பறித்த கூலியில் தமிழ்வழிப் பள்ளியில் படித்த ஒரு பெண், என்னிடம் யோசனை கேட்டு வந்தவள், இப்போது ‘டாட்’ என்று மாணவர்கள் சொல்லும், 1925இல் தோன்றிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகையில் அங்கே ஆய்வேட்டுக்காகப் போயிருக்கிறாள். சென்ற ஜனவரியில் எனக்கு எழுதினாள். பனியைப்பற்றி எல்லாரும் பயமுறுத்தினார்களாம். விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்த மூணாற்றிலிருந்து வந்தவளுக்கு அது புதிதாக இல்லையாம். ஆய்வுக்கூடத்துக் கருவிகளைப் பராமரிக்கும் வயதான தொழில்நுட்பர் ஆங்கிலம் பேசமாட்டார். அதனால் அயல்நாட்டு மாணவர்கள் அவரைத் தவிர்த்து, கையேட்டோடு மல்லாடுகிறார்கள். இவள் தன் அரைகுறை ஜெர்மனோடு அவரிடம் போய் நின்றாள். "சார், எஸ்டேட் ஆபீசில் அம்மாவுக்காக மலையாளத்தில் பேசப் போவேனே, அதே மாதிரிதான். தப்புத்தப்பாகத்தான் பேசினேன். அவர் கருவியையே பிரித்துக் காட்டிவிட்டார்" என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதம் நான்கு பக்கம். தமிழில், ஒரு ஒற்றுப்பிழை இல்லாமல்.

கடிதத்தை, பஸ் ஸ்டாண்டில் என்னைக் கேட்ட தென்னந்தோப்புக்காரரிடம் படித்துக் காட்டினேன். நிதானமாகக் கேட்டார். "யோசிக்கறனுங்க சார்" என்றார். அந்த யோசனைக்கு ஒரு கெடு உண்டு: கேரளத்துப் பள்ளிகளில் ஜூன் மாதம் வகுப்பு தொடங்கி ஆறாவது வேலைநாளில் தலையெண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷனோடு ஆசிரியர் பணியிடமும் போகும். அவருடைய மகள் படிக்கும் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இப்போது விளிம்பில் நிற்கிறது. ஜூன் வரை சனிக்கிழமைதோறும் என் வீட்டுத் திண்ணைக்கு அவளை அனுப்புவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் முதல் அவளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் வருகிறார்கள். ஆங்கிலம் பேசுகிறோம்.